மழையில் நனையாத செம்பருத்தி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒற்று விட்டுப்போன இடங்களில் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் குடியிருந்தோம். வாசலில் அப்பாவின் இஸ்திரி வண்டி. வீட்டுக்கார மாமி முன்பக்கம் வரிசையாக ரோஜா வைத்திருந்தார். வரிசையின் கடைசியில், உடைந்த பிளாஸ்டிக் வாளியில், அக்காவின் அடுக்குச் செம்பருத்தி. அந்த வீட்டில் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் ஒரு சொட்டு மழையில்லை. மாமி கீழ்த்தொட்டியிலிருந்து எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் அளந்து தருவார். வெயில் ஏற ஏற, செம்பருத்தியின் கொழுந்துகளில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. பிறகு பூச்சி ரோஜாவுக்கும் போனது.

"உங்க செடிலேர்ந்துதான் வந்துண்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள போகலைன்னா பிடுங்கிப் போட்டுடுவேன்" என்று மாமி அக்காவிடம் சொன்னார்.  அக்கா அன்று சாப்பிடவில்லை.

ஒரு பூச்சியையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். துணி சோப்பைக் கரைத்து, வேப்பெண்ணெய் விட்டு, பழைய பல் பிரஷால் இலை இலையாகத் தேய்த்தேன். இன்று துடைத்த இடம் மறுநாள் வெள்ளையாகிவிடும். மறுபடியும் தேய்த்தேன்.

"இன்னாடா, செடிக்குப் பல்லு வெளக்கி வுடுறியா?" என்றார் அப்பா.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிச் சுற்று மருந்தைப் பூசி முடித்தேன். இடியோடு மழை பிடித்துக்கொண்டது. பட்ட பாடெல்லாம் கரைந்துவிடுமே என்று பதறி, இஸ்திரி வண்டியின் பாலிதீன் ஷீட்டை உருவிவந்து செடியின்மேல் விரித்துப் பிடித்தேன். அப்பா துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, என்னைத் திட்டியபடி உள்ளே ஓடினார்.

"வாடா உள்ள. அது நனைஞ்சா இன்னா?" என்றாள் அக்கா.

"மருந்து பூடும்க்கா."

மழை நிற்கும்வரை நான் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மாமியின் ரோஜாக்கள் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தன. பூச்சியைத் தேட வேண்டியிருந்தது. அக்காவின் செம்பருத்தி மட்டும் வெள்ளை மாறாமல் நின்றது.

மாமி வந்தார். "மழைல நீயாடா பிடிச்சுண்டு நின்னே?"

தலையாட்டினேன். தும்மல் வந்தது. என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். போய் டியூபை இழுத்துவந்து, மோட்டாரைப் போட்டு, டியூபின் வாயை விரலால் அழுத்திச் செடியின்மேல் பீய்ச்சி அடித்தார். இலையின் அடியிலும் விடவில்லை. என் மருந்தெல்லாம் தரையில் ஓடியது. என்னைப் பழிவாங்க இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறாரே என்று அழுதேன். அக்கா ஏனோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாயந்தரம் வரைக்கும் வெள்ளிக்கிழமைதானே" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார்.

சில நாட்களில் செம்பருத்தி பூத்தது. எங்கோ ஒட்டியிருந்த என் மருந்தால்தான் என்று நம்பினேன். அந்த வீட்டைக் காலி செய்யும்வரை மாமியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருடம் என் வீட்டுச் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. இரண்டு வாரம் பிரஷால் தேய்த்தேன். நேற்று ஒரே மழை. இன்று காலை பார்த்தால் இலையெல்லாம் பச்சை. இரண்டு குடம் அளந்து கொடுத்தவர் அன்று எத்தனை குடம் அடித்திருப்பார் என்று, பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்.

சித்திரை இருபது, ஞாயிற்றுக்கிழமை.