செ.நோ. என்ற இரண்டு எழுத்து

பிறர் விட்ட பிழையைக் கண்டுபிடிப்பதில் அனீஸாவுக்கு இருந்த கெட்டித்தனத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் ஒரு புத்தகக் கடைக்கு மேலிருக்கும் சின்ன அறையில் ஒன்பது வருடமாக அவள் செய்வது இதுதான். காலையில் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. வகுப்பு முடிந்ததும் மணல்வீடு.

மணல்வீடு என்பது சிறுபிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகும் ஒரு மென்பொருள். அது ஒருவருக்கும் சொந்தமில்லை. யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். அதற்குள் இருப்பதெல்லாம் ஒப்ஜெக்ட். தன் வேலையைத் தானே தெரிந்து வைத்திருக்கும் பொருள். திரையில் ஒரு மீன் படத்தைக் கீறிவிட்டு ‘நீந்து’ என்றால் நீந்தும். எப்படி நீந்துவது என்பது மீனுக்குள்ளேயே எழுதியிருக்கும். உலகம் முழுக்க ஒரு நாற்பது பேர் சேர்ந்து இதைக் கட்டிக் காக்கிறார்கள். சம்பளம் கிடையாது.

“ஆருக்காக மகள் இப்பிடிக் கிடந்து மாயிறாய்?” என்று உம்மா றஹ்மத்தும்மா கேட்காத நாள் இல்லை. பதில் அனீஸாவுக்குத் தெரியும். முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டிய பிறகு அவள் புத்தளத்து முகாமில் பிறந்து, வளர்ந்து பெரியவளானதும் குடும்பத்தின் பழைய இடமான யாழ்ப்பாணத்துச் சோனகதெருவுக்குத் திரும்பி வந்தவள். அங்கே அவளை யாழ்ப்பாணத்தாள் என்றார்கள், இங்கே புத்தளத்தாள் என்கிறார்கள். மணல்வீட்டுக்காரர்கள் அவளிடம் ஊர் கேட்கவில்லை. பிழை திருத்தத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். அதற்காகவே அவர்களுக்குக் செக்குமாடு போல உழைத்தாள்.

அந்த அறையின் மற்ற மேசை நோர்மனுடையது. கரவெட்டிக்காரர், மெதடிஸ்த குடும்பம், அவளைவிட ஐந்து வயது மூத்தவர். அதிகம் கதைக்காத மனுசன். இருவரும் எழுதுவதைச் சேர்த்து மணல்வீட்டில் ஏற்றும் உரிமை அவரிடம் இருந்தது.

மணல்வீட்டில் இரண்டு வழக்கங்கள் உண்டு. எழுதினது, கீறினது, பாதியில் விட்டது எல்லாம் ஒரே கோப்பில் உயிரோடு கிடக்கும். அந்தக் கோப்பை ‘உலகம்’ என்பார்கள். ஒருவருடைய உலகத்தை அப்படியே பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். மற்றது, நீங்கள் முதன்முதலில் எதையாவது திருத்தும்போது அது உங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கேட்கும். ஒருமுறைதான் கேட்கும். அதன்பிறகு நீங்கள் தொட்ட ஒவ்வொரு புரோகிராம் துண்டிலும் அந்த எழுத்துகளையும் தேதியையும் தானாகவே பதிந்துவிடும். செபநாயகம் நோர்மனின் பதிவு ‘செ.நோ.’

போன வருடம் மாசியில் நோர்மனின் அப்பா செபநாயகம் காலமானார். நோர்மன் தன் உலகத்தை ஒரு பென் டிரைவில் போட்டு அனீஸாவிடம் கொடுத்துவிட்டுக் கரவெட்டிக்குப் போனார். மூன்று கிழமை வரவில்லை. அனீஸா உம்மாவையும் கூட்டிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போய், அவரோடு நாலு வார்த்தை கதைத்துவிட்டு வந்தாள். வந்து அவருடைய உலகத்தைத் தன் லப்டொப்பில் திறந்து வேலையைத் தொடர்ந்தாள். அந்த உலகம் அவளிடம் பெயர் கேட்கவில்லை. அது ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டதல்லவா? மூன்று கிழமையில் இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகளைத் திருத்தினாள். நோர்மன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தாள். துக்கம் தெளியாத மனுசன், பிரித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டார்.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனியில் இடி விழுந்தது. தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பிள்ளைகள் சேமிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது ஒரு பிள்ளையின் வேலைகூட மிஞ்சவில்லை. அதே கிழமை வேறு இரண்டு நாடுகளிலிருந்தும் அதே முறைப்பாடு. ஒரு வருடம் கீறின மீன், கப்பல், விளையாட்டு எல்லாம் மண்ணாய்ப் போயின. காரணம் சின்னது. சேமிக்கும் துண்டில் யாரோ ஒழுங்கை மாற்றியிருந்தார்கள். புதுக்கோப்பை எழுதி முடித்தபிறகு பழையதை அழிக்க வேண்டும். அது பழையதை முதலில் அழித்தது. இடையில் கரண்ட் போனால் இரண்டும் இல்லை.

அந்தத் துண்டில் இருந்த எழுத்து செ.நோ. தேதி, மாசி மாதத்துத் தேதி.

மணல்வீட்டின் மூத்த பொறுப்பாளர் மத்தியாஸ், ஜெர்மனியில் இருப்பவர், எல்லோரும் வாசிக்கும் மின்னஞ்சல் மடலாடலில் நோர்மனிடம் விளக்கம் கேட்டார். நோர்மன் ஒரே வரியில் பதில் எழுதினார்: ‘ஏற்றியது நான், மன்னிக்கவும்.’ மத்தியாஸ் அனீஸாவிடமும் கேட்டார். கேட்டதுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இவள் நல்லபிள்ளையாக ஒரு பந்தி எழுதினாள். ‘தேதியைப் பாருங்கள். அவர் தன் தந்தையை இழந்திருந்த நாட்கள் அவை. துக்கத்தில் கவனம் சிதறுவது மனித இயல்பு. தயவுசெய்து அவரைக் கடுமையாகப் பார்க்க வேண்டாம்.’

மனதார எழுதினாள். அதுதான் கொடுமை. பந்தி பந்தியாகப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் ஞாபகத்தை நம்பமாட்டார்கள், இயந்திரம் பதிந்து வைத்ததை நம்புவார்கள். செ.நோ. என்று இருந்தால் செ.நோ.தான். அவளுக்கு வேறு நினைப்பே வரவில்லை.

நோர்மனின் ஏற்றும் உரிமை எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் அவர் மேசையை ஒழித்துக்கொண்டு, அச்சுவேலியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் இயந்திரங்களின் மின்பலகை திருத்தும் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது “வாறன் அனீஸா” என்றார். அவ்வளவுதான்.

ஏழு மாதம் கழித்து, இந்த மாசியில், சேமிக்கும் பகுதி முழுவதற்கும் அனீஸாவைப் பொறுப்பாளராக்க மத்தியாஸ் முன்மொழிந்தார். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. முதல்தடவையாக அவள் பெயர் எங்கேயோ ஓர் இடத்துக்குச் சொந்தமாகப் போகிறது. சந்தோசத்தில் உம்மாவுக்கு இரண்டு தரம் விளக்கிச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, வேறொரு பிழையைத் துரத்திக்கொண்டு தன் லப்டொப்பின் பழைய நாட்குறிப்பைத் திறந்தாள். மணல்வீடு ஒவ்வொரு கணினியிலும் அப்படி ஒன்றை எழுதி வைக்கும். இந்தக் கணினியில் எந்த நாளில் எது தட்டப்பட்டது என்று வரிசையாக இருக்கும். உருட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். ‘பழைய கோப்பை முதலில் அழி.’ பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘பள்ளிக்கூடக் கணினிகளில் இடம் போதாது, இரண்டு கோப்பும் ஒன்றாகக் கொள்ளாது.’ நோர்மனின் உலகம் என்பதால் பதிவு செ.நோ. ஆனால் தட்டப்பட்டது அவளுடைய லப்டொப்பில். அந்த லப்டொப்பை அவளைத் தவிர ஒருவரும் தொடுவதில்லை.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. இடம் மிச்சம்பிடித்துவிட்டேன் என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதைப் புதன்கிழமை முழுக்க யோசித்தாள் என்பதை மறைக்கக்கூடாது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டதுக்கு ஏதோ பதில் சொன்னாள். சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் எழுதி, நாட்குறிப்பின் பிரதியையும் சேர்த்து, மடலாடலில் போட்டாள். நோர்மனுக்கு அவருடைய உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கடைசியில் கேட்டாள். போட்ட கையோடு அச்சுவேலி பஸ் ஏறினாள்.

பஸ் கோப்பாயைத் தாண்டுவதற்குள் போன் ஓயாமல் கிணுங்கத் தொடங்கியது. என்ன நேர்மை, என்ன துணிச்சல், இப்படிப்பட்டவர்தான் எங்களுக்குப் பொறுப்பாளராக வேண்டும் என்று ஒருவர் மாறி ஒருவர் எழுதினார்கள். வாக்கெடுப்பே தேவையில்லை என்றார் ஒருவர். நோர்மனுக்கு உரிமை திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று மத்தியாஸ் ஒரு வரி போட்டிருந்தார். அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

தொழிற்சாலை வாசலில் நோர்மன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். மர வாங்கில் இருக்கச் சொன்னார்.

“வாசிச்சன்” என்றார். “எல்லாரும் உங்களைப் பற்றி நல்லா எழுதியிருக்கினம்.”

“நோர்மன் அண்ணை, சத்தியமா எனக்குத் தெரியாது. எழுத்தைப் பாத்து நீங்கள் எண்டுதான் நினைச்சன்.”

“ஓம். அது இண்டைக்குத்தான் விளங்கினது. நீங்கள் தெரிஞ்சுகொண்டுதான் பழியை என்னிலை போட்டனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

“பிறகேன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?”

“பாக்காமல் ஏத்தினது நான்தானே. மிச்சத்தை நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். உங்களுக்கு அந்த இடம் தேவை எண்டும் தெரியும். சரி, ஒரு பொய்தானே, பயத்திலை சொல்லியிருப்பா எண்டு மன்னிச்சும் விட்டன்.”

உள்ளே ஏதோ இயந்திரம் ஓடி நின்றது. அவர் எழும்பி ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்தாள். திரும்பி வந்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“நீங்கள் செத்தவீட்டுக்கு வந்தனீங்கள். உங்கடை உம்மாவும் வந்தவ. நான் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டதைக் கண்டனீங்கள், கதைச்சனீங்கள். பொய் சொல்லியிருந்தால் பறவாயில்லை, அனீஸா. நீங்கள் நம்பியெல்லோ இருக்கிறியள். அப்பாவைத் தாட்டுப்போட்டு வந்து நான் கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தனான் எண்டு, ரெண்டு எழுத்தைப் பாத்திட்டு நம்பியிருக்கிறியள்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவளிடமிருந்து வெறும் போத்தலை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ் பத்து நிமிசத்தில் வரும் என்று சொல்லிவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போனார்.