உபதேசியார் திருப்பி வாங்காத வார்த்தை

சாமுவேல் உபதேசியார் இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. நான் நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் கரையிலிருந்து வலையைக்கூட உதறாமல் ஓடிவந்து வாசலில் நின்றார். "உபதேசியார் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். நான் தேவனுக்குப் பயந்து நடக்கிறவள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஜெபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சொல்லாமலே போயிட்டாரே மனுசன்" என்றுதான் வாயில் வந்தது.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி போதகர் என்னிடம் கேட்டார். "நாலு நல்ல வார்த்தை எழுதும்மா. அவரு வேதபாடத்துக்கு நோட்டுப் போட்டு வச்சிருக்கது நீ ஒருத்திதான்" என்றார். உண்மைதான். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். வேதத்தை நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். எந்த அதிகாரம், யார் யார் வந்தார்கள், உபதேசியார் என்ன சொன்னார் என்று பதினோரு வருஷத்துச் சனிக்கிழமைகளை, வீட்டுச் செலவு எழுதுகிற ஒழுங்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நல்ல வார்த்தையும் அதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது அவருடைய அய்யா கடலில் போய்விட்டார். உடல் மூன்றாம் நாள்தான் ஒதுங்கியது. அந்த மூன்று நாளும் மழை. கடலாடி தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த சாமுவேல் உபதேசியார் லீவு போட்டுவிட்டு வந்து, கரையில் இவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாராம். தான் நனைந்தாராம். இதை நான் குறைத்துச் சொல்ல முடியாது. அன்று முதல் படகுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதிலிருந்து என்னைக் கட்டுவதா வேண்டாமா என்பது வரை இவர் அவரைக் கேட்டுத்தான் செய்தார். அய்யா இல்லாதவருக்கு அவர் அய்யாவாக நின்றார். அந்தக் குடைக்கு எங்கள் குடும்பம் எவ்வளவு கொடுத்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்து வேதபாடத்தை எடுத்துக்கொண்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வேதத்தை அவர் ஆபீஸ் பைல் பார்ப்பது போலப் பார்ப்பார். சிவப்பு மையால் அடிக்கோடு போடுவார். 'பிதாவும் குமாரனும்' என்று ஒரே பாடத்தை இரண்டு வருஷம் நடத்தினார். "பிதா மேல, குமாரன் கீழ. மேல இருக்கவரு சொல்லுவாரு, கீழ இருக்கவரு செய்வாரு. இதுக்கு மேல வேதத்துல ஒண்ணுமில்ல" என்பார். ஆண்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் மகன் தானியேல், "எனக்குக் கடல் ஒத்து வரல அய்யா. நான் லோடு ஆட்டோ எடுக்கப்போறேன்" என்று சொன்னான். திருடவில்லை. குடிக்கவில்லை. வேறு தொழில் செய்கிறேன் என்றான், அவ்வளவுதான். அப்பனும் மகனும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் இவர் உபதேசியாரிடம் கேட்கப் போனார். அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "குமாரன் தன் சித்தத்த விடணும். சபைக்கு முன்னாடி முழங்கால் போட்டு மன்னிப்புக் கேக்கணும். அதுவர நீ அவன் வாசல்ல ஏறக்கூடாது அருள்தாஸ்." தானியேல் சாயல்குடிக்குப் போய் உப்பளத்தில் லோடு அடிக்க ஆரம்பித்தான். இவர் அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் பின்வரிசையிலிருந்து எழுந்தேன்.

"உபதேசியாரே, குமாரன் கேள்வியே கேட்டதில்லைன்னு சொல்றீங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல, அந்தப் பாடுகளோட பாத்திரம் தன்னை விட்டு நீங்காதான்னு கேட்டாரே? ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டாரே?"

"கேட்டாரு. குடிச்சாரா இல்லையா?"

"குடிச்சாரு. ஆனா கேட்டதுக்காகப் பிதா அவர ஊருக்கு முன்னாடி முழங்கால் போடச் சொன்னாரா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அருள்தாஸ், ஒன் வீட்டுப் பாடத்த ஒன் வீட்டுலயே முடிச்சுட்டு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இதைப் படிக்கிற சிலரும் அன்று சிரித்தவர்கள்தான். பெயர்கள் நோட்டில் இருக்கின்றன. இங்கே எழுதவில்லை.

பிறகு தானியேலுக்குப் பெண் பிறந்தது. நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்ச் சபைகளில் இல்லை என்கிறார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போய், பேர் சொல்லி, போதகர் கையில் கொடுப்பது அப்பனைப் பெற்ற தாத்தாதான். இவர் வெள்ளை வேட்டியைத் தேய்த்து வைத்துவிட்டு உபதேசியாரிடம் போனார். திரும்பி வந்து வேட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டார். "குமாரன் வராம குமாரனோட பிள்ளைய எப்படித் தூக்குவ?" என்று உபதேசியார் கேட்டாராம். என் பேத்தியைச் சாயல்குடியில் தாத்தா இடத்தில் நின்று இன்னொரு ஆட்டோ டிரைவர் தூக்கிக் கொடுத்தான். நல்ல பையன். இருந்தாலும் என் வயிறு எரிந்தது.

அன்றைக்குத்தான் நான் எண்ண ஆரம்பித்தேன். பிதா தாமே வானத்திலிருந்து வாய் திறந்து குமாரனைப் பற்றிப் பேசின இடங்களை நாலு சுவிசேஷத்திலும் தேடித் தேடி எழுதினேன்.

கடைசி காலத்தில் சர்க்கரையால் உபதேசியாருக்குக் கண் போய்விட்டது. மனைவி முன்னமே தவறிவிட்டார்; பிள்ளைகள் கிடையாது. சபைப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுபோனோம். என் முறை புதன்கிழமை.

"யாரு?"

"எஸ்தர்."

"கேள்விக்காரியா? வா வா. கஞ்சியில உப்புப் போட்டியா, இல்ல அதுலயும் கோவத்தக் காட்டிட்டியா?"

"உப்புப் போட்டிருக்கேன். வேணும்னா கேள்வியும் போட்டுத் தாரேன்."

சிரித்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, "எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். "குமாரன் பேசுனதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிதா பேசுனத வாசி."

அவரே கேட்டார். நான் கேட்கச் சொல்லவில்லை. குமாரன் ஞானஸ்நானம் வாங்கினபோது ஆற்றங்கரையில் பேசினதை வாசித்தேன். மலைமேல் பேசினதை வாசித்தேன். பாடுபடப் போகும் முன் ஜனங்கள் இடிமுழக்கம் என்று நினைத்த அந்தச் சத்தத்தையும் வாசித்தேன். நிறுத்தினேன்.

"மேல வாசி."

"மேல இல்ல உபதேசியாரே."

"இவ்வளவுதானா?"

"எண்ணிட்டேன். மூணே எடம். மூணுலயும் குமாரனுக்கு ஒரு கட்டளை இல்ல. ஆத்துல நின்னப்ப குமாரன் இன்னும் ஒரு அற்புதங்கூடச் செய்யல. ஒண்ணும் செய்றதுக்கு முன்னாடியே எனக்கு இவன்மேல பிரியம்னு பிதா சொல்லிட்டாரு. மலைமேல ஒரு கட்டளை இருக்கு. அதுவும் மத்தவங்களுக்கு. இவன் சொல்றதக் கேளுங்கன்னு."

கஞ்சிச் சட்டியைக் கையால் தடவித் தள்ளி வைத்தார். பிறகு, "பிதா எனக்குக் கட்டளை கொடுத்தாருன்னு குமாரனே சொல்றாரே?" என்றார். குரலில் பழைய பலம் இல்லை.

"சொல்றாரு. பயந்து சொல்லல. பிரியத்துல சொல்றாரு." நான் அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன். "உபதேசியாரே, இவருக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போய்ப் பாத்துட்டு வான்னு. நீங்க சொன்னாத்தான் போவாரு. வேற எதுவும் நான் கேக்கல."

"சொன்னதத் திருப்பி வாங்குற வழக்கம் எனக்கு இல்ல எஸ்தர்." சற்றுக் கழித்து, "வாங்குனா இத்தன வருசம் சொன்னதெல்லாம் என்னாகும்?" என்றார்.

மூன்று புதன்கிழமை கேட்டேன். மூன்றிலும் அதே பதில். நாலாவது புதன் வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "இனிமே யாருகிட்டக் கேக்குறது? அந்த வார்த்தை அப்படியே நிக்குதே. கடைசியா ஒங்கிட்ட ஏதும் சொன்னாரா?" என்று கேட்டார்.

அந்த அறையில் நானும் அவரும் மட்டுந்தான் இருந்தோம். 'போகச் சொன்னாரு' என்று நான் சொல்லியிருந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. என் மகனுக்கு அப்பன் கிடைத்திருப்பான். வாயைத் திறந்தும் விட்டேன். ஒருத்தர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொன்னால் என் பதினோரு வருஷ நோட்டும் பொய்யாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு, மறைக்கவில்லை. அந்த நல்ல பேரை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"மூணு எடத்தையும் கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேட்டுட்டும் மாட்டேன்னாரா?"

"மாட்டேன்னாரு."

இவர் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"எங்கன போறீங்க?"

"சாயல்குடிக்கு. ரெண்டு மணி பஸ்ஸு இருக்கும்ல?"

"உபதேசியார் வார்த்தை?"

"அது அவருக்குள்ளயே நிக்கலையேடி. திருப்பி வாங்குனா என்னாகும்னு பயந்துதானே மாட்டேன்னாரு" என்றார். குடை பிடித்தவரைப் பற்றி என் வீட்டுக்காரர் சொன்ன ஒரே கடுமையான வார்த்தை அதுதான்.

சாயங்காலம் மருமகள் போன் செய்தாள். "மாமா வந்தாக அத்தை. இவுக ஆட்டோவுக்கு டயர் மாத்திட்டு இருந்தாக. மாமாவும் குனிஞ்சு பிடிச்சாக. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. சாப்பிட்டுட்டு, போயிட்டு வாரேன்னு கெளம்பிட்டாக." கொஞ்சம் தயங்கி, "பாப்பா மட்டும் இது யாருன்னு கேட்டுச்சு" என்றாள். பேத்திக்கு நாலு வயது. அந்தக் கேள்விக்கு உபதேசியார்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடக்க ஆராதனையில் போதகர், உபதேசியார் இப்போது பிதாவின் சமுகத்தில் இருக்கிறார் என்றார். நான் அதை முழுமனதோடு விசுவாசிக்கிறேன். அவர் கேட்ட "இவ்வளவுதானா" என்பதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷத்தில் அவர் உண்மையாகவே கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அங்கே அவரை யாரும் முழங்கால் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள். தூரத்தில் வரும்போதே பிள்ளை என்று கூப்பிட்டிருப்பார்கள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிவதால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.