யூட் அண்ணை துடைத்த ராசாக்கள்

யூட் அண்ணை ஜேர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு ரோமானிய நூதனசாலையில் தரை துடைப்பவர். மன்னார் ஆள். 1986இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர். விடிகாலையில் வாளியும் துடைப்பமுமாக அந்தக் கல்லுத் தலைகளுக்குக் கீழே நிற்பார். மூக்குடைந்த அந்தப் பேரரசர்கள் யார், யாரை யார் கொன்று பதவிக்கு வந்தார்கள் என்றெல்லாம், அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்து அறிந்துகொண்டார். எங்களில் படித்தவர்கள் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவர்களுக்கு அதில் கால்வாசியும் தெரியாது.

அவருக்கு அரசர்களை விடக் காவற்படைக்காரர் மேல்தான் வெறுப்பு. புதிதாக எவன் வந்தாலும் படைக்குப் பரிசு கொடுக்க வேண்டுமாம். அப்படிப் பதவிக்கு வந்த கல்பா என்ற கிழவர் மறுத்தார். ஏழு மாதத்தில் நட்டநடுச் சந்தியில் வைத்து அவருடைய தலையை வெட்டிவிட்டார்கள்.

"வெட்டின கையை விட, பரிசுக்கு நீட்டின கைதான் எனக்கு அரியண்டம்" என்பார். "அதே மாசம் இஞ்ச, இந்தக் கொலோனிலை, விட்டெலியஸ் எண்டவனைப் படைக்காரர் படுக்கையறையிலயிருந்து வீட்டு உடுப்போடையே தூக்கிக்கொண்டுபோய் ராசாவாக்கினவை. சனத்திட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அந்த ஒரு வருசத்திலை மட்டும் நாலு பேர்."

1996இல் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்திலும் தலைவர் தெரிவு வந்தது. அதுவரை தலைவராக இருந்தவர் கலாதேவி ரீச்சர். தேவாலயத்தின் நிலவறையில் எட்டுப் பிள்ளைகளோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். என் மகள் வேணுஜா அவரிடம்தான் அகரம் பழகினாள். தலைவர் பதவி யாரிடமோ பள்ளியும் அவரிடம். சங்கத்தில் இருந்த குணசேகரம் என்பவருக்கு அந்தப் பதவியில் ஆசை வந்தது. ரீச்சரை நிறுத்திவிட்டுத் தன் மச்சாளைப் படிப்பிக்க விடப்போவதாக வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தார். அந்த மச்சாளுக்குப் பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல்.

சங்கத்தின் விதி இதுதான்: ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் அந்தப் பெயர் அதோடு சரி. ரீச்சரின் பெயரை பள்ளிப் பிள்ளையொன்றின் தாயான றீற்றா முன்மொழிவது, யூட் அண்ணை வழிமொழிவது என்று நாங்கள் முதலே பேசி வைத்திருந்தோம்.

கூட்டத்தன்று குணசேகரம் டோர்ட்மண்டிலிருந்து இரண்டு வான் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒருவருடைய பிள்ளையும் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. அங்கத்துவ அட்டைகள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தன. வாய் நிறைய றோல்ஸோடு, எந்தப் பெயருக்குக் கை உயர்த்துவது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.

விளக்கேற்றி முடிந்ததும் குணசேகரம் மைக்கைப் பிடித்தார். "ரோம வரலாற்று அறிஞர் யூட் அவர்களை இண்டைக்குக் கௌரவிக்கிறம்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். வானில் வந்தவர்கள் கைதட்டினார்கள். பத்து வருடமாக இந்த நாட்டில் அந்த மனிசனை அறிஞர் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவருடைய கண் கலங்கியதைக் கண்டேன். நாசமாய்ப் போச்சு என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

றீற்றா எழும்பி ரீச்சரின் பெயரைச் சொன்னார். வழிமொழிபவர் யார் என்று கேட்டார்கள். யூட் அண்ணை சரிகைக் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கேட்டார்கள். மூன்றாம் முறையும் கேட்டார்கள். பிறகு அந்தப் பெயரை வெட்டிவிட்டார்கள். குணசேகரத்தை வழிமொழிய ஆறு பேர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள்.

கலாதேவி ரீச்சர் எழும்பினார். பிள்ளைகளின் வரவு இடாப்பை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பும்போது ட்ராமில் யூட் அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

"உங்களுக்கு வெக்கமில்லையோ அண்ணை? ஒரு துண்டுத் துணிக்காண்டியோ?"

"ஓம் தம்பி, வெக்கமாத்தான் கிடக்கு." என் பக்கம் திரும்பினார். "மூண்டு தரம் கேட்டவை. நீரும் அங்கத்தவர்தானே. எனக்குப் பின்னாலதான் இருந்தனீர். உமக்கு ஆர் போத்தினது?"

எனக்கு ஒருவரும் எதுவும் போர்த்தவில்லை. நான் இனாமாகவே வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.