மூன்றாவது ஸ்டெல்லா

மயிலாப்பூரில் உறவினர் வீட்டுக்கு வந்தவன், விடிந்ததும் சாந்தோம் கடற்கரைக்கு வந்து நிற்கிறேன். கரையேற்றிய ஒரு கட்டுமரத்தில் 'ஸ்டெல்லா' என்று கத்தியால் செதுக்கியிருக்கிறது. கட்டுமரத்துக்குக்கூடப் பெயர் வைப்பார்களா என்று கேட்கிறேன்.

"அது என் கப்பலோட பேரு, நைனா," என்கிறார் வலையை உதறிக்கொண்டிருக்கும் சூசை. ஜெர்மன் சண்டையின்போது பம்பாய்க்கு வெளியே, கடலுக்கடியில் எதிரிகள் போட்டிருந்த வெடிகளை வாரும் கப்பலில் கலாசியாக இருந்தவர். "ரெண்டு கப்பலுக்கு நடுவுல கம்பியக் கட்டி இழுத்துக்கினு போவோம், இங்க ரெண்டு மரத்துல வலை இழுக்கறா மாதிரி. கம்பி கனத்தா, மீனுன்னு கை தானா இழுக்கப் போவும். அப்பாலதான் வெடின்னு நெனப்பு வரும்."

முதல் ஸ்டெல்லா அப்படி ஒரு வெடியில் மோதி மூழ்கியது. அடுத்து வந்த கப்பலுக்கும் அதே பெயரை வைத்தார்கள். உயிர் தப்பிய சூசை அதிலும் ஏறினார். சண்டை முடிந்ததும் அதை உடைத்து விற்றுவிட்டார்கள். மூன்றாவது, இந்தக் கட்டுமரம்.

"எங்க அண்ணன் அதே சண்டைக்குப் போயிட்டு, பஸ்ராவுலேருந்து அந்த வழியாத்தான் பம்பாய்ல வந்து எறங்கினாரு," என்கிறேன். அவரைக் கும்பிடுகிறேன்.

அவர் வலையைக் கீழே வைக்கிறார். "நாங்க முன்னால வழி பண்ணிக்கினே பூடுவோம். பின்னால வர்ற கப்பல்ல யாரு கீறாங்கன்னு பார்த்ததே இல்ல. அண்ணன் நல்லா கீறாரா?"

"தஞ்சாவூர்ல வாத்தியாரா இருக்காரு. மூணு பிள்ளைங்க."

சற்றுத் தள்ளி மீனைக் கூறு போடும் மனைவியின் பக்கம் சூசை திரும்புகிறார்.

"மேரி, இங்க வா. பின்னால வந்த கப்பல்ல ஒருத்தரு, பத்திரமா வூடு வந்து சேந்தாராம்."