கடிதத்தில் எழுதாமல் விட்ட எலிகள்

இங்கே கனடாவில் சுடுகாட்டு மல்லியைத் தொட்டியில் வைத்து, பளபளக்கும் தாள் சுற்றி, சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். என் பிறந்தநாளுக்கு ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் லிண்டா அப்படி ஒரு தொட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். சோமனூரில் அதை யாரும் யாருக்கும் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். மயானத்து ஓரத்திலும் தறிக்கூடத்து வேலியடியிலும் தானாக முளைத்துக் கிடக்கும். நான் ஓரடி பின்வாங்கியதைப் பார்த்து, "பூ ஒத்துக்காதா? தும்மல் வருமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது எளிதாக இருந்தது.

எளிதானதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் பழைய குற்றம். இங்கே என் வேலையே அந்தச் செடியோடுதான். அதிலிருந்து பிரித்தெடுத்த சத்து புற்றுக்கட்டியைக் கொல்லும். வெறுமனே ரத்தத்தில் விட்டால் நரம்புகளையும் வதைக்கும். அதனால் லிபோசோம் என்னும் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளில் அடைத்து ஊசி போடுகிறோம். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களில் ஓட்டைகள் அதிகம். குமிழிகள் அவற்றின் வழியே கசிந்து, கட்டிக்குள் தங்கி, சத்தை மெல்ல மெல்ல விடும்.

அப்பா சோமனூரில் அடுத்தவர் தறியைக் கூலிக்கு ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "பையன் அங்க என்ன பண்றானுங்க?" என்று ஊரில் கேட்கிறார்களாம், அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். ஏரோகிராமில் எழுதினேன்: நம் சுடுகாட்டு மல்லியின் சத்தைக் கொழுப்பில் வைத்துக் கொடுக்கிறோம், கட்டி கரைகிறது. கொடுப்பது எலிகளுக்கு என்பதை மட்டும் எழுதவில்லை. "எலியக் கட்டி மேய்க்கறதுக்கா இத்தன படிப்பு?" என்று அவர் கேட்பார் என்ற கூச்சம். எஸ்.டி.டி. பூத்துக்காரர் அந்தக் கடிதத்தை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாராம்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை பூத்துக்கு அழைத்தேன். அப்பாவின் குரலில் பெருமை. "உங்கம்மாளுக்கு மார்ல ஒரு கட்டி கண்ணு. பயப்படாத. நீ எழுதுன மாதிரியே தழைய அரைச்சு, வெண்ணெயில கொழைச்சு, நாந்தான் தெனமும் குடுத்துட்டு இருக்கறன். பெரியாசுபத்திரிக்குப் போனா கத்திய வெச்சுபோடுவாங்க. நம்ம பையனே மருந்து செய்யறப்ப நமக்கென்னத்துக்குக் கத்தி?"

"அப்பா, அது வெசமுங்கப்பா. நாங்க குடுக்கறது எலிக்குங்க. இன்னும் மனுசருக்குக் குடுக்கலீங்க."

"எலிக்கா? நீ எழுதுலியே கண்ணு" என்றார்.

அம்மா போனை வாங்கினாள். "உங்கப்பனத் திட்டாத சாமி. தழைதான் ஒரே கசப்பு. வெண்ணெய் நல்லாத்தான் இருந்துது. எருமைக்காரம்மாகிட்டச் சொல்லி வெச்சு வாங்கியாந்தாரு."

மறுநாள் லிண்டாவிடம், என் அம்மா அந்த இலையை வெண்ணெயில் குழைத்துச் சாப்பிடுகிறாள் என்றேன். அவள் சிரித்தாள். "வீட்டிலேயே லிபோசோமா!" நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகு காபி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா அந்த வாரமே அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். அக்குள்வரை பரவிவிட்டது, முன்னாலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றாராம் மருத்துவர். புறப்பட்டு வருகிறேன் என்றதற்கு அம்மா ஒப்பவில்லை. "நீ இங்க வந்து உக்காந்துட்டா அந்த மருந்த ஆரு கண்ணு செய்யறது? எலிக்குக் கேட்டா எனக்கும் கேக்குமல்ல? வெரசாச் செய்." அது மனிதருக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. மறுபடியும் எளிதானதையே சொன்னேன்: "சரீங்கம்மா."

வாரம் இருமுறை எலிகளின் கட்டிகளைக் காலிப்பர் என்னும் அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுகிறேன். பெரும்பாலானவை சுருங்கி வருகின்றன. அம்மாவின் கட்டியை நான் பார்த்ததே இல்லை. அப்பா போனில் சொல்லும் அளவுதான்: முதலில் நெல்லிக்காய், இப்போது எலுமிச்சங்காய். நேற்று லிண்டா என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் விரல் வைத்து, இது என்ன எழுத்து என்று கேட்டாள். ஏழாம் எலிக்கு எதிரே, மில்லிமீட்டர் எழுத வேண்டிய கட்டத்தில், என் கையெழுத்தில், தமிழில் இருந்தது: எலுமிச்சங்காய்.