பிரபாவதி வாங்கிய நீலக் கார்

என் மருமகள் பிரபாவதிக்கு ஸ்கூட்டி ஓட்ட வராது. கல்யாணமான புதிதில் என் மகன் ராஜ்குமார் கற்றுக்கொடுக்கப் போய், வண்டியோடு வேலிமுள்ளில் விழுந்தாள். அன்றோடு சரி. ஆனால் போனில் அவள் கார் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! வளைவில் கார் திரும்பினால் அவள் தோளும் திரும்பும். பக்கத்தில் உட்கார்ந்தால் இடி வாங்காமல் எழுந்திருக்க முடியாது.

விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில், புடவைப் பக்கம் அவளுக்கு வேலை. தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். போக ஒரு மணி, வர ஒரு மணி. அதுதான் அவளுடைய பந்தய நேரம். நல்ல கார் எதுவும் அந்த விளையாட்டில் சும்மா கிடைக்காது. ஓட்டி ஜெயித்தால் தங்கக் காசு விழும். சேர்த்துத்தான் வாங்க வேண்டும். நிஜப் பணம் கட்டியும் வாங்கலாமாம். அதற்கு மட்டும் அவள் ஒப்பமாட்டாள். "ஒழைச்சித்தான் வாங்குவேன்" என்பாள். இருப்பதிலேயே குட்டையான பாதையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சுற்றுவாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஐந்து தடவை, விக்கிரவாண்டிக்குள் இன்னும் ஐந்து. மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்கிற மாதிரிதான். ஒரு செடியில் என்ன பெரிதாக இருக்கும்? கை ஓயாமல் ஆய்ந்தால் சாயங்காலம் மூட்டை நிறையும்.

அவள் கண் வைத்திருந்தது ஒரு நீலக் காரின் மேல். கூரை இல்லாத கார்.

"மழ பேஞ்சா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"அந்த ஊர்ல மழயே கெடயாது அத்த."

எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரியும். அழகான கார்தான். விலை பத்து லட்சம் காசு. வைகாசியில் ஒரு வாரம் மட்டும் பாதி விலை போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையோடு சரி. அவளிடம் நாலு லட்சத்துச் சொச்சம் இருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம்தான். ஞாயிறு அவளுக்கு விடுப்பு. மத்தியானமெல்லாம் விரல் தேய ஓட்டினாள். ஐந்து லட்சம் நிறைந்தபோது மணி நாலே முக்கால்.

"அத்த! சேந்துடுச்சி! வாங்கிடட்டா?"

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"கைய எடு. ராகுகாலத்துல வண்டி எடுப்பாங்களா?"

"இது போனுல ஓடுற வண்டி அத்த."

"எதுல ஓடுனா இன்னா? வண்டி வண்டிதான்."

ராஜ்குமார் சிரித்தான். "யம்மா, அதுக்கு ஆர்.சி. புக்கே கெடயாது."

"நீ சிரிச்சிக்கினு கெடக்காத. ராத்திரி வரைக்கும் டைம் இருக்குதுல்ல? அதுக்குள்ள கார் ஓடியா பூடும்?"

பிரபாவதியும் யோசித்தாள். அவள் பிறந்த ஊர் பிரம்மதேசத்தில் அவள் அப்பா டிராக்டர் எடுத்ததும் நாள் பார்த்துத்தான். போனைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் குளித்து, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, ஆறு அடித்ததும் எடுத்தாள்.

கார் ஓடவில்லை; அங்கேயே நின்றது. விலைதான் மறுபடியும் பத்து லட்சம். அந்தக் கம்பெனி இருக்கிற தேசத்தில் ஞாயிற்றுக்கிழமை அதற்குள் முடிந்துவிட்டதாம்.

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து ஆணியில் மாட்டினாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் அந்தப் பிள்ளை இன்னும் ஐந்து லட்சம் ஓட்ட வேண்டியதானது என்னால்தானே?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அவள் சாம்பார் கூட்டிக்கொண்டிருக்கும்போது, "அந்தப் போனைக் குடு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நானும் ஓட்டுறேன். கடைசியா வந்தாலும் கொஞ்சம் காசு விழுமாமே?"

"யாரு சொன்னது?"

"உன் புருசந்தான்."

கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்டியோடு ஓடிவந்தாள். "அத்த, அத்த! நீ பின்னால போய்க்கினு இருக்க!"

"எந்தப் பக்கம் போனா இன்னா, போவுதுல்ல?"

இரண்டு நாளாகச் சிரிக்காத வாய், அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டது. அதற்கப்புறம் பஸ்ஸில் அவள், சமையல் நேரத்தில் நான். பத்துப் பந்தயத்தில் ஒன்பதில் நான் கடைசி. ஒரே ஒரு தடவை இரண்டாவதாக வந்தேன். பக்கத்து வீட்டு வீரம்மாள் நம்பவே இல்லை.

ஆனியில் பத்து லட்சம் நிறைந்தது. புதன்கிழமை காலை ஆறு மணி என்று நான்தான் நேரம் குறித்தேன். வாங்கினாள். திரையில் காருக்கு நேராகக் குங்குமம் வைத்தேன். போனுக்கு அடியில் நசுக்க எலுமிச்சம்பழத்தை எடுத்தபோது மட்டும் ராஜ்குமார் பிடுங்கிக்கொண்டான்.

முதல் பந்தயத்திலேயே பிரபாவதி பாலத்தில் மோதினாள்.

"பொட்டு மறைக்குது அத்த. தொடைச்சிடட்டா?"

"புது வண்டிக்கு வெச்ச பொட்ட எவளாவது தொடைப்பாளா? சாச்சிப் பாத்து ஓட்டு."

கழுத்தைச் சாய்த்துக்கொண்டே விழுப்புரம் வரைக்கும் ஓட்டிப் போனாள். நாலு பந்தயம் ஜெயித்தாளாம்.