முற்றம் தாண்டும்வரை

ரத்த அழுத்தம் எகிறியதால் போன வருடம் நாகர்கோவிலில் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். மூச்சு வேறு, பிராணன் வேறு என்றார் ஆசிரியர். மூச்சு வண்டியாம், பிராணன் அதில் ஏறி வருகிற ஆளாம். அப்படியானால் ஆள் இறங்கிய பிறகும் வண்டி ஓடுமா என்று கேட்டேன். போகப் போகப் புரியும் என்றார். பதில் தெரியாத வாத்தியார்கள் எல்லாரும் சொல்வதுதான். அண்ணனிடம் சொன்னபோது, "காத்து இழுக்கதுக்கு ஒரு கிளாஸாலே ஒனக்கு?" என்று சிரித்தான்.

இந்த ஆவணியில் அண்ணனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. நான்காம் நாள் காலையில் டாக்டர் கூப்பிட்டு, இனி இயந்திரம்தான் மூச்சு விடுகிறது, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இப்போதே போங்கள் என்றார். எங்கள் பக்கத்தில், வெளியே செத்தவரை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். முற்றத்திலேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. அன்றைக்கே அண்ணன் எங்களிடம் சொல்லிவிட்டான்: "என்னைய முத்தத்துல போட்டிராதிய. நம்ம பட்டாசல்ல கெடந்துதான் சாவணும்." பட்டாசல் என்றால் வீட்டின் நடுக்கூடம். அவன் கட்டிய வீடு.

ஆம்புலன்சில் கூட வந்த நர்ஸ், அவன் தொண்டைக் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தார். ஊர்ச் சாலைக்கு வண்டி திரும்பியதும் ஆக்சிஜன் சிலிண்டர் உருளப் பார்த்தது. அதைப் பிடிக்கப் போனவர் பையை என்னிடம் தந்தார். "நீங்க அமுக்குங்க சார். நீங்க ஒரு மூச்சு விட்டா அவருக்கு ஒண்ணு."

படபடப்பில் என் மூச்சு ஓட, அவன் நெஞ்சும் ஓடியது. மெதுவா சார் என்றார். வகுப்பில் சொல்லித் தந்தபடி எண்ணி இழுத்து, எண்ணி விட்டேன். அண்ணனும் அப்படியே விட்டான். வாழ்நாளில் அவன் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டு கேட் ஒடுக்கம். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத் தூக்கியபோது நான் வெளியே மாட்டிக்கொண்டேன். பை கையை விட்டு நழுவிவிட்டது. நர்ஸ் கையில் சிலிண்டர். முற்றம் தாண்டும்வரை அவனுக்கு யாரும் காற்றுக் கொடுக்கவில்லை. பட்டாசலில் இறக்கியதும் பாய்ந்து போய் அமுக்கினேன். நெஞ்சு எழுந்தது. எழாமல் என்ன செய்யும், காற்றடித்தால் சைக்கிள் டியூப்கூட எழும். நர்ஸ் கழுத்தில் விரல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அண்ணன் மனைவி, எனக்கு மைனி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நீதான கூடவே வந்த. உள்ள வரச்சிலே உயிரு உண்டா?"

எது உயிர் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? முற்றத்திலேயே அவன் போயிருந்தால், அதற்கு நான்தான் காரணம். அழுகை முட்டியது. அழவும் பயமாக இருந்தது, அழுதால் மைனிக்குத் தெரிந்துவிடும்.

"உண்டு மைனி" என்றேன்.

அவள் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்கு வந்துதான் போயிருக்கிய" என்று அவனிடமே சொன்னாள்.

நான் சொன்னது பொய்யா மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.